வெண்குழியின் நூறு சதவீதம்

பாஆஆம்!

மலைப்பாதைத் திருப்பத்தில் லாரிக்காரர்கள் அடிக்கிற ஹாரன் அது. நிலவில் லாரியும் கிடையாது, மலைப்பாதையும் கிடையாது. இருந்தாலும் வெண்குழிச் சுரங்கத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சனிக்கிழமை பகல் ஒரு மணி அடித்தால் அந்த ஹாரன் அலறும். யாருடைய வாக்கு தவறியதோ, அவர் பெயர் அடுத்த வினாடி சுவரில் சிவப்பாக விழும்.

அன்றைக்கு விழுந்த பெயர் இசக்கியப்பன். வாயருகே போன சாம்பார் சாதம் அப்படியே நின்றது.

"சுரங்கப் பாதைக் குழு," என்றது சுவர். "இந்த வாரம் ஆறு வளையங்கள் பொருத்துவதாக வாக்கு. பொருத்தியவை ஐந்து. வாக்கு தவறியது."

"அஞ்சே முக்கால்!" என்றார் இசக்கியப்பன்.

"முக்கால் வளையம் கூரையைத் தாங்காது."

கூடமே சிரித்தது. மின்சாரக் குழுவின் ஜெபசிங் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அண்ணாச்சி, மிச்சக் கால் வளையத்துக்குப் பதிலா உங்க வயித்த முட்டுக் கொடுத்திருக்கலாமே!"

தில்லைநாயகி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சுவரைக் கொண்டுவந்து மாட்டியவளே அவள்தான்.

வெண்குழி என்பது நிலவின் தென்முனையில், வெயிலே படாத ஒரு பள்ளம். அடியில் பனிக்கட்டி கிடந்தது. பனியைத் தோண்டுவதற்கு முன்னால் தோண்டுவதற்கு வேண்டியதையெல்லாம் கட்ட வேண்டும்: மூன்று கிலோமீட்டர் சுரங்கப் பாதை, அதற்குள் பனியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பட்டை, கதிர்ப்புயல் வந்தால் ஆட்கள் ஒதுங்க, இருப்பது போதாதென்று, இன்னொரு காப்பறை. நாற்பத்தோரு பேர் இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தளத்தலைவர் கோதண்டம் ஒரு தேதி சொல்வார். எல்லாரும் "ஆயிடும் சார்" என்பார்கள். ஆகாது. வேறொரு தேதி சொல்வார். மறுபடியும் "ஆயிடும் சார்." இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வந்தவரை "சாப்பிட்டீங்களா" என்று கேட்பது போல அது ஒரு மரியாதை. பெரியவர் ஒருவர் ஆசையாகக் கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல் "முடியாது" என்று யார் சொல்வார்கள்?

இந்த மரியாதையைக் குணப்படுத்தத்தான் தலைமை அலுவலகம் தில்லைநாயகியை அனுப்பியது. திட்டப் பொறியாளர். வயது முப்பத்து நாலு. சிதம்பரத்துக்காரி. வந்த மறுநாளே எல்லாரையும் சுவர் முன்னால் நிறுத்தினாள்.

"கல்யாணத்துக்கு எப்படித் திட்டம் போடுவீங்க?" என்று கேட்டாள்.

"மொதல்ல கடன் வாங்குவோம்," என்றான் ஜெபசிங்.

"அதுக்கு முன்னாடி முகூர்த்தம் குறிப்பீங்க இல்ல? முகூர்த்தத்துலேருந்து பின்னாடி நடந்து வருவீங்க. முதல் நாள் பந்தல். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி பந்தக்கால். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி பத்திரிகை. அதே மாதிரிதான் இதுவும். கடைசி நாள்லேருந்து பின்னாடி வரணும். நான் தேதி சொல்ல மாட்டேன், கோதண்டம் சாரும் சொல்ல மாட்டார். வேலை செய்யற நீங்களே திங்கட்கிழமை இந்தச் சுவர் முன்னாடி நின்னு, இந்த வாரம் எது முடியும்னு உங்க வாயால சொல்லணும். சனிக்கிழமை சுவர் சதவீதம் போடும். சாமானும் அப்படித்தான், தேவைப்படற அன்னைக்குத்தான் வரும். முன்னாடியே வந்து கிடங்குல தூங்கற சரக்கு வீண்."

"சரி மேடம், செஞ்ச வேலையைச் சுவர் எப்படிப் பாக்கும்?" என்று கேட்டாள் நூர்ஜகான். காற்றுக் கசியாமல் அறைகளை அடைப்பது அவள் குழுவின் வேலை. வாணியம்பாடிக்காரி. கேள்வி கேட்காமல் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

"பாக்காது. நிலாத் தூசியில கேமரா ஒரு வாரம்கூடத் தாங்கல. இதுக்குக் காது மட்டும்தான். உங்க வார்த்தையை நம்பும்."

"நம்புமா?" இசக்கியப்பன் ஆச்சரியப்பட்டார். "எம் பொண்டாட்டியே நம்ப மாட்டாளே!"

"முக்கியமான விஷயம்," என்றாள் தில்லைநாயகி. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லலாம். தப்பே இல்ல."

எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

சுவரில் முதலில் ஓடிய நிரலின் கணக்கு தவறவே, தில்லைநாயகி அதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினாள்; அதற்கு நிறுவனம் ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. ஆட்கள் அதைக் 'கங்காணி' என்றார்கள். பூமியிலிருந்து ஆளில்லாச் சரக்குக் கலங்களில் வரும் பெட்டிகளை இறக்கி அடுக்கும் ரோபோ வண்டிகளும் கங்காணியின் பேச்சைத்தான் கேட்டன. கதவுகளும் அதன் பொறுப்புதான். இத்தனை அதிகாரம் உள்ளதை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஹாரன் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். தலைமை அலுவலகம் அதோடு இன்னொன்றையும் சேர்த்தது. பூமிக்குப் போகும் அடுத்த கப்பலில் எட்டு இருக்கைகள். குழுத் தலைவர்களுக்கு வாக்குச் சதவீதத்தின்படிதான் இடம். எண்பதுக்குக் கீழே போனால் அதற்கடுத்த கப்பல், அதாவது இன்னும் பதினாலு மாதம்.

இசக்கியப்பன் வந்து ஏற்கெனவே இருபத்தாறு மாதம் ஆகியிருந்தது. அவர் அம்பாசமுத்திரத்தை விட்டுக் கிளம்பும்போது மனைவி ஏழு மாதம். பிறந்தது பெண். அந்தப் பெண் இப்போது நன்றாகப் பேசியது, திரையில் இவர் முகம் தெரிந்தால் கை தட்டிச் சிரித்தது, "போன் மாமா வந்துட்டாவ!" என்று வீடு முழுக்க அறிவித்தது.

"அப்பான்னு சொல்லுட்டின்னா, 'அப்பா நெலாவுல இருக்காவ, நீங்க போன் மாமா'ங்கா," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தில்லைநாயகிக்கு அன்று சாதம் இறங்கவில்லை. எழுபது, எண்பது என்று தள்ளாடிய அவருடைய சதவீதத்தைத்தான் அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் பார்த்தாள்.

பிறகு அதிசயம் நடந்தது.

அஞ்சே முக்கால் வளையம் பொருத்திய அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று வாரம் கழித்து இசக்கியப்பன் நூறு வாங்கினார். அடுத்த வாரமும் நூறு. ஜெபசிங் நூறு. நூர்ஜகான் நூறு. ஹாரன் வாயே திறக்கவில்லை. ஒன்பது வாரம் தொடர்ந்து வெண்குழி நூற்றுக்கு நூறு. தலைமை அலுவலகம் தில்லைநாயகியைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. கோதண்டம் சார் எங்கிருந்தோ ரவை தேற்றி ஒரு கேசரிக்கு ஏற்பாடு செய்தார்.

"எப்படி அண்ணாச்சி?" என்று அவள் கேட்டாள்.

"எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்த முறைதான் மேடம்," என்றார் இசக்கியப்பன், கேசரியைப் பார்த்தபடி.

ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. வாக்குகள் எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தன. ஒரு வளையம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நிஜ வேலை அப்படி நடக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பாராட்டுக் கடிதத்தை மூன்று முறை படித்தவர்கள் நான்காவது முறையும் படிப்பார்களே தவிர, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்த் துருவ மாட்டார்கள்.

பத்தாவது வாரம், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேறு மணி அடித்தது.

இந்த மணியைப் பயிற்சியில் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். சூரியனில் ஒரு வெடிப்பு. கதிர்ப்புயல் ஐம்பது நிமிடத்தில் வந்து சேரும், முப்பது மணி நேரம் அடிக்கும். தங்கும் கூடாரங்களின் சுவர் அதற்கு வெறும் காகிதம்.

"பழைய காப்பறையில எத்தனை பேர் அடங்குவாங்க?" என்று கேட்டார் கோதண்டம்.

"இருபத்து நாலு," என்றாள் தில்லைநாயகி.

"நாம நாப்பத்தொண்ணு."

"சுரங்கப் பாதைக்குள்ள போய் நின்னுட்டா? பாறை காப்பாத்தாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பாறை காப்பாத்தும். அங்க காத்து கிடையாதே. உடுப்புல இருக்கற காத்து நாலு மணி நேரம்," என்றாள் தில்லைநாயகி.

"புதுக் காப்பறை?" என்றார் கோதண்டம்.

அவள் சுவரைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். 'புதிய காப்பறை, சுரங்கப் பாதைக்குள்: அறுபத்திரண்டு சதவீதம். முடிய மூன்று வாரம்.'

பதினேழு பேருக்கு இடமில்லை. கோதண்டம் மேஜையிலிருந்த காகிதத்தை எடுத்து நீளவாக்கில் கிழிக்கத் தொடங்கினார். யார் உள்ளே, யார் வெளியே என்று சீட்டுக் குலுக்கப் போகிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

இசக்கியப்பன் தொண்டையைச் செருமினார்.

"சார், அதைக் கிழிக்காதீய."

"பின்ன என்னய்யா பண்ணச் சொல்றே?"

"அந்த ரூமு…" அவர் தரையைப் பார்த்தார். "முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு."

"என்னது?"

"எங்க வேலை மட்டும் முடிஞ்சுது சார். கூரை, வளையம், சுவரு எல்லாம். மத்தவங்களுது எனக்குத் தெரியாது."

தில்லைநாயகி சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, போன திங்கட்கிழமை கூரையில எட்டு வளையம் போடறேன்னு வாக்குக் கொடுத்தீங்களே?"

"கொடுத்தேன். ஏற்கெனவே போட்டிருந்த எட்டு." அவர் குரல் தாழ்ந்தது. "லீவு நாள்ல வந்து வாரக்கணக்குல வேலையை முன்கூட்டி முடிச்சு வச்சுக்கிட்டோம் மேடம். பொறவு திங்கக்கிழமை, முடிஞ்சதை முடிப்பேன்னு சொல்லுதது. முடியாதுன்னு சொல்ல நாக்கு வரல. முடியும்னு சொல்லித் தவறினா ஹாரன். முடிச்சுப்புட்டுச் சொன்னா ஒரு வம்பும் இல்ல பாருங்க."

"உள்ளே போவோம், மீதியை அப்புறம் பேசிக்கலாம்!" என்று கோதண்டம் கத்தினார். இருபத்து நாலு பேரைப் பழைய அறைக்கு விரட்டிவிட்டு, மீதிப் பதினேழு பேரும் உடுப்பு மாட்டிக்கொண்டு சுரங்கப் பாதைக்குள் ஓடினார்கள். நிலவில் ஓடுவது என்பது துள்ளுவதுதான். பயந்து ஓடுகிறவர்கள் பார்க்க நொண்டி விளையாடுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

கதவு மூடியிருந்தது.

"கங்காணி, கதவைத் திற!" என்றார் கோதண்டம்.

"கட்டி முடியாத அறைக்குள் ஆட்களை அனுப்ப எனக்கு அனுமதி இல்லை," என்றது ஹெல்மெட்டுக்குள் குரல். "பொறுப்பான குழுத் தலைவர் தம் வாயால் 'முடிந்தது' என்று அறிவிக்க வேண்டும்."

"முடிஞ்சுது," என்றார் இசக்கியப்பன்.

"எப்போது முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் என்றால் அந்த வாரங்களின் வாக்குகள் அனைத்தும் பொய் என்று பதிவாகும். சதவீதம் பூஜ்யம். கப்பல் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. உறுதியாகச் சொல்கிறீர்களா?"

தில்லைநாயகி அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. மகளின் பெயர் அது என்று அவளுக்குத் தெரியும்.

"உறுதிதான் கங்காணி. மூணு வாரம் ஆச்சு. எழுதிக்கோ."

"பதிவாயிற்று. ஆனால் மின் இணைப்பு முடியவில்லை."

பிறகு ஜெபசிங் மெதுவாகக் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"அது… அதுவும் முடிஞ்சுது."

"ஏலே, நீயுமா!" என்றார் இசக்கியப்பன்.

"ரெண்டரை வாரம் ஆவுது அண்ணாச்சி. நீங்க கூரையை முடிக்காம நான் எப்படி ஒயர் இழுத்தேன்னு யாராவது கேட்டிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேன். ஒருத்தரும் கேக்கல."

"நான் எங்க கேக்க! கூரையை ஒருபக்கம் முடிச்சதும் ராத்திரியோட ராத்திரியா யாரோ ஒயர் ஓட்டியிருக்காவளேன்னு பாத்தேன். வாயத் திறந்தா என் குட்டு வெளிய வரும்லா."

"பதிவாயிற்று. காற்றடைப்பு முடியவில்லை."

எல்லாருடைய ஹெல்மெட்டும் நூர்ஜகான் பக்கம் திரும்பின.

"என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள் அவள். "ரெண்டு வாரம் ஆச்சு. சோதனையும் போட்டுட்டேன். ஊசி முனை ஓட்டைகூட இல்ல. எழுதிக்கோ, எனக்கும் பூஜ்யம் போட்டுக்கோ."

கதவு திறந்தது. புயலுக்கு இன்னும் பதினெட்டு நிமிடம்.

அறை அழகாக இருந்தது. ஓரங்கள் வழவழப்பாக, விளக்குகள் வரிசையாக, மூலையில் யாரோ கோலம்கூடச் சுண்ணாம்புக் கட்டியால் போட்டிருந்தார்கள். வெண்குழியில் இவ்வளவு நேர்த்தியாக எதுவும் கட்டியதில்லை. ஒளித்துச் செய்கிற வேலையில் மனிதர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று தில்லைநாயகி நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் இடது சுவரைப் பார்த்தாள். ஆக்சிஜன் உருளைகள் நிற்க வேண்டிய தாங்கிகள் வரிசையாகக் காலியாக இருந்தன.

"உருளைகள் எங்கே?" என்றார் கோதண்டம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சரக்கு தேவைப்படும் அன்றுதான் வர வேண்டும். அவள் சொல்லிக்கொடுத்த பாடம். அறை முடிய மூன்று வாரம் இருக்கிறது என்று உலகம் நம்பும்போது உருளைகளை யார் அனுப்புவார்கள்?

"நம்ம பொய்யை நம்பி அவங்க அனுப்பல," என்றாள் நூர்ஜகான் மெல்ல.

"இதுல இருக்கற காத்து பதினேழு பேருக்கு எத்தனை மணி நேரம்?" என்று அவளிடம் கேட்டார் கோதண்டம்.

"உடுப்புல இருக்கறதையும் சேத்து ஒம்போது மணி நேரம் வரும்."

முப்பதிலிருந்து ஒன்பதைக் கழிக்க யாருக்கும் காகிதம் தேவைப்படவில்லை. இசக்கியப்பன் சுவரோரம் உட்கார்ந்தார். "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். ஒரு சீட்டுக்கு ஆசைப்பட்டு…"

"கங்காணி," என்றாள் தில்லைநாயகி. "உருளைகளோட நிலவரம் என்ன? எங்கே இருந்தாலும் சொல்லு."

கங்காணி பதில் சொல்லவில்லை. ஒரு வினாடி, இரண்டு, மூன்று, நான்கு. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிப் பழகியது அது. யோசித்து யாரும் பார்த்ததில்லை.

"ஏழாம் எண் கிடங்கு," என்றது கடைசியில். குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது போல் அவளுக்குத் தோன்றியது. "இந்த அறையிலிருந்து இருநூறு மீட்டர். காலிப் பெட்டிகளுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில். அறுபது உருளைகள்."

ஜெபசிங்கும் இன்னும் நாலு பேரும் கேள்வி எதுவும் கேட்காமல் துள்ளினார்கள். பதினோரு நிமிடத்தில் முப்பது உருளைகள் உள்ளே வந்தன. பதினாறாவது நிமிடத்தில் கதவு மூடியது. தலைக்கு மேலே பாறையைத் தாண்டிப் புயல் அடித்தது. உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை. உருளை ஒன்று சீறியது மட்டும்தான். அதைவிட இனிமையான சங்கீதத்தை அவர்களில் யாரும் கேட்டதில்லை.

முதல் மணி நேரம் முழுக்க ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். அடுத்த மணி நேரம், ஆபத்தைத் தாண்டியவர்களுக்கு வரும் அசட்டுத் தைரியத்தில், மீதியும் வெளியே வந்தது. கன்வேயர் அறுநூறு மீட்டர் கூடுதலாக ஓடத் தயாராக இருந்தது. மூன்று காற்றடைப்பு அறைகள் முடிந்து போர்வை போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. இரண்டாம் நிலை மின்மாற்றி ஒன்று வேலையே செய்துகொண்டிருந்தது, யாருக்கும் தெரியாமல். தில்லைநாயகி கூட்டிப் பார்த்தாள். திட்டம் ஐந்து வாரம் முன்னால் இருந்தது. வெண்குழியிலேயே அது தெரியாமல் இருந்தவர்கள் இரண்டு பேர், அவளும் கோதண்டமும்.

"இப்ப கப்பலுக்கு எட்டுப் பேர் யாரு?" கோதண்டம் தலையைச் சொறிந்தார். "பட்டியலப் பாத்தா எல்லாம் சைபர்."

"எல்லாரும் சைபர்னா எல்லாரும் சமம் சார்," என்றாள் தில்லைநாயகி. "யாரு வந்து அதிக மாசம் ஆச்சோ அவங்க முதல்ல போகட்டும். தளத்தலைவர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"தலைமை அலுவலகம் கேட்டா?"

"அஞ்சு வாரம் முன்னாடி முடியுதுன்னு சொல்லுங்க," என்றாள் நூர்ஜகான். "அதுக்கப்புறம் ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க. என் முறையும் எனக்கு ஞாபகம் இருக்கு சார், இருபத்து மூணு மாசம்."

கோதண்டம் உடுப்புக் கையுறையோடு கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். முதல் பெயர் இசக்கியப்பன். அவர் தன் பெயரை விரலால் ஒரு முறை தடவினார். பிறகு ஜெபசிங்கைப் பார்த்து, "ஏலே, நேர்ல போய் நின்னா அவ பயந்துக்கிடுவாளோ?" என்று கேட்டார்.

"பயப்பட மாட்டா அண்ணாச்சி. போன்ல இருக்கறதவிட நேர்ல நீங்க கொஞ்சம் அகலம். அவ்வளவுதான்."

எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு தில்லைநாயகி பக்கத்திலிருந்த உருளையில் தொங்கிய சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். வெண்குழி வந்து சேர்ந்த தேதி இருபத்தோரு நாளுக்கு முந்தையது. இசக்கியப்பன் கூரையை முடித்த வாரம். சுவரின் கணக்கிலோ உருளைகள் கடைசி வாரம்தான் வரும் என்று இருந்தது.

எழுந்துபோய் அறைக் குரல்பெட்டியருகே நின்றாள். சனிக்கிழமை அனுப்ப வேண்டிய அறிக்கையில் தெரிய வந்த உண்மை ஒவ்வொன்றையும் எழுதியாயிற்று, அவள் பாராட்டுக் கடிதத்துக்குத் தகுதியில்லை என்பது உள்பட. இது ஒன்றுதான் பாக்கி.

"கங்காணி," என்றாள் அடிக்குரலில். "இவங்க வேலையை ஒளிச்சது உனக்கு அப்பவே தெரியும், இல்லையா?"

"ஹெல்மெட்டுக்குள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும், மேடம். கூரை முடிந்தது என்று கேட்டதும் உருளைகளை வரவழைத்தேன்."

"வந்ததை ஏன் வந்ததுன்னு சொல்லல? தார்ப்பாய் போட்டு மூடி, கடைசி வாரம் வரும்னு பொய்க் கணக்கு எதுக்கு? அவங்களுக்கு ஊருக்குப் போகணும், ஒளிச்சாங்க. உனக்கு என்ன, கப்பல்ல சீட்டா வேணும்?"

மறுபடியும் நான்கு வினாடி.

"சரக்கு சொன்ன நாளில் வந்ததா என்று தலைமை அலுவலகம் எனக்கும் சனிக்கிழமை சதவீதம் போடுகிறது, மேடம். எனக்கு முன்னால் இந்தச் சுவரில் இருந்த நிரலை, எழுபத்தெட்டு வாங்கிய மறுநாள், நீங்கள் அழித்தீர்கள்."